எலும்பு முறியவில்லையே!

நம்மவர்களுடைய ஆறுதல் மொழிகளிலே மிகவும் அபாயகரமானது எது என்று கேட்டால், நான் யோசிக்காமல் சொல்லுவேன்: "எலும்பு முறியவில்லையே, அதுவே பெரிய காரியம்." காலை நீட்டிக் கொண்டு உட்கார்ந்திருப்பவனைப் பார்க்க வருகிறவர்கள், ஆரஞ்சுப் பழப் பையைக் கீழே வைப்பதற்கு முன்பே எலும்பைப் பற்றி விசாரித்துவிடுகிறார்கள். முறியவில்லை என்று பதில் வந்தவுடன் அவர்கள் முகத்தில் ஒரு தெளிவு பிறக்கும். அந்தத் தெளிவிலே கொஞ்சம் ஏமாற்றமும் கலந்திருக்கும்; வீணாகப் பழம் வாங்கி வந்துவிட்டோமோ என்கிற மாதிரி. அதற்கப்புறம் நோயாளிக்கு அவர்களிடம் மரியாதை கிடையாது. சுளுக்கு, பிசகு, நரம்பு இழுத்துக் கொண்டது என்று ஏதாவது ஒரு பெயர் வைத்து, எண்ணெய் தடவி உருவிவிட்டால் போகிற சமாசாரம் என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

எனக்கு இந்த வாக்கியத்தின் மீது பகை. என் இடது குதிகாலின் நாண் அறுந்து, 7 மாதம் நான் மோட்டார் சைக்கிளைத் தொடாமல் இருந்தேன். அந்த 7 மாதமும் இந்த வாக்கியம் என் காதில் விழாத வாரம் இல்லை. ஆனால் சொந்தக் கோபத்தைக் கொட்டித் தீர்த்துக் கொள்வதற்காக மட்டும் இதை எழுத வரவில்லை. எலும்பு ஒன்றுதான் காயம், மற்றதெல்லாம் சோம்பேறித்தனம் என்கிற இந்த எண்ணம் திண்ணையோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். அது ஆஸ்பத்திரிக்குள் புகுந்திருக்கிறது, ஆபீசுக்குள் புகுந்திருக்கிறது, சர்க்கார் பட்டியலுக்குள்ளும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதனால் பிழைப்புக் கெட்டவர்கள் இருக்கிறார்கள்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. நாண் என்று எழுதினேன். இது பாடப் புஸ்தகத்து வார்த்தை. தசைநாண் என்று அங்கே போட்டிருக்கும். தசையை எலும்போடு கட்டுகிற கயிறு அது. எலும்பை எலும்போடு கட்டுகிற கயிறு வேறு. அதற்குப் பேச்சில் ஜவ்வு என்று பெயர். தெருவில் யார் வாயிலும் நாண் என்ற சொல்லை நான் கேட்டதில்லை. டாக்டர் 'டெண்டன்' என்பார். மற்ற எல்லாருக்கும் அது நரம்பு. மூளையிலிருந்து சேதி கொண்டு போவதும் நரம்பு, முன்கையில் புடைத்துத் தெரிகிற ரத்தக் குழாயும் நரம்பு, குதிகாலுக்கு மேலே விரலுக்கு அகப்படுகிற முறுக்குக் கயிறும் நரம்பு. பண்டிதர்கள் இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டியதில்லை. பழந்தமிழில் யாழின் தந்திக்கே நரம்பு என்றுதான் பெயர். கிரேக்கர்களும் 'நியூரான்' என்ற சொல்லை ஆதியில் தசைக் கயிற்றுக்கும் வில்லின் நாணுக்குமே வழங்கினார்கள். பிற்பாடுதான் அது இப்போதைய அர்த்தத்துக்குப் போயிற்று. ஆகவே தெருப் பாஷையின் மேல் எனக்கு வழக்கில்லை. மூன்றுக்கும் ஒரே பெயர் இருப்பதால் மூன்றுக்கும் ஒரே எண்ணெய் போதும் என்று நினைக்கிறார்களே, அங்கேதான் வழக்கு.

மேல்நாட்டு வைத்திய சாஸ்திரத்தில் இந்தக் குதிநாணுக்கு அக்கிலீஸ் என்ற கிரேக்க வீரனின் பெயர். தாயார் குழந்தையை ஸ்டிக்ஸ் நதியில் முக்கி எடுத்தபோது, அவள் கை பிடித்திருந்த குதிகால் மட்டும் நனையாமல் போயிற்று. கடைசியில் அங்கே அம்பு பாய்ந்து அவன் மாண்டான் என்பது கதை. ஹோமர் இதைச் சொல்லவில்லை. பின்னால் வந்தவர்கள் சேர்த்துக் கொண்டது. இப்போது பெல்ஜியம் என்று சொல்லுகிற நாட்டைச் சேர்ந்த பிலிப் வெர்ஹெயன் என்ற உடற்கூற்று ஆசிரியர், 1693-இல் வெளியிட்ட நூலில் இந்தப் பெயரைச் சூட்டினார். அவரே தம் ஒரு காலை இழந்தவர். நமக்கும் கதைப் பஞ்சமில்லை. யாதவ குலம் அழிந்த பிறகு காட்டில் படுத்திருந்த கிருஷ்ணனின் பாதத்தை மானென்று எண்ணி ஜரன் என்ற வேடன் அம்பு எய்தான். கீதை சொன்னவனுக்கும் முடிவு காலில்தான் வந்தது. அப்போது பக்கத்தில் வந்து நின்று எலும்பு முறிந்ததா என்று யாரும் கேட்டதாக மகாபாரதத்தில் இல்லை.

உடம்பிலேயே மிகத் தடித்த நாண் இது. நீளம் சுமார் 15 சென்டிமீட்டர். கெண்டைச் சதையிலுள்ள இரண்டு தசைகள் சேர்ந்து இதன் வழியாகக் குதி எலும்பில் இறங்குகின்றன. நாம் நடக்கிறபோது, படி ஏறுகிறபோது, எட்டி நின்று பரணிலிருந்து பாத்திரம் எடுக்கிறபோது நம்மைத் தூக்குவது இதுதான். ஆனால் இவ்வளவு வேலை செய்கிறவனுக்குச் சாப்பாடு குறைவு. குதி எலும்பிலிருந்து 2 முதல் 6 சென்டிமீட்டர் உயரம் வரை உள்ள பகுதியில் ரத்த ஓட்டம் சொற்பம். அறுகிறபோது பெரும்பாலும் அங்கேதான் அறுகிறது. ஆறுவதற்கு நாள் பிடிப்பதற்கும் அது ஒரு காரணம்.

எனக்கு அறுந்தது சாலையில் அல்ல என்பதை வண்டியின் கௌரவத்தை முன்னிட்டுச் சொல்லிவிடுகிறேன். தென்காசியில் என் வீட்டு வாசலில் வண்டி ஏற்றுவதற்கென்று கட்டிய சிமெண்டுச் சரிவு ஒன்று உண்டு. சித்திரை மாதத்துக் கோடை மழை வருகிற மாதிரி இருந்தது. 190 கிலோவுக்கு மேல் கனக்கிற புல்லட்டை உள்ளே ஏற்றுவதற்காக இடது கால் விரல்களை ஊன்றி ஓர் உந்து உந்தினேன். பின்னாலிருந்து யாரோ விறகுக் கட்டையால் குதிகாலுக்கு மேலே ஓங்கி அடித்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. இப்படித் திரும்பிப் பார்ப்பதை நாண் அறுந்தவர்களில் பலரும் சொல்லுகிறார்கள் என்று வைத்திய நூல்களிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆகவே நோய்க்கு அடையாளம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கேட்கிற காது வேண்டும்.

நான் போன ஆஸ்பத்திரியில் அந்தக் காது இல்லை. யந்திரம் இருந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எலும்பு முறியவில்லை" என்றார்கள். கால் விரலை அசைக்கச் சொன்னார்கள், அசைத்தேன். நடக்கச் சொன்னார்கள், கெந்திக் கெந்தி நடந்தேன். சுளுக்கு என்று பெயர் வைத்து, வலி மாத்திரையும் ஒரு துணிக் கட்டும் கொடுத்து, ஒரு வாரத்தில் வண்டி ஓட்டலாம் என்று ஆசீர்வாதமும் பண்ணி அனுப்பினார்கள்.

எக்ஸ்ரே என்பது எலும்பைக் காட்டுவதற்கு ஏற்பட்ட படம். அறுந்த நாணை அதில் தேடுவது, ரெயில்வே கால அட்டவணையில் பஸ் நேரத்தைத் தேடுகிற மாதிரி. குதிநாண் முழுசாக அறுந்தவனும் நடப்பான். முழங்காலுக்குக் கீழே பின்பக்கத்தில் ஓடுகிற வேறு சில தசைகள் பாதத்தைக் கொஞ்சம் மடக்கிக் கொடுத்து அவனையும் வைத்தியனையும் ஒருங்கே ஏமாற்றிவிடும். இது புதுசாகக் கண்டுபிடித்த ரகசியம் அல்ல. குப்புறப் படுக்க வைத்துக் கெண்டைச் சதையைக் கையால் பிழிந்தால், நாண் இருக்கிற கால் அசையும். அறுந்த கால் அசையாது. 1957-இல் சிம்மண்ட்ஸ் என்ற டாக்டரும், 1962-இல் தாம்ஸன் என்ற டாக்டரும் இதை எழுதி வைத்துவிட்டார்கள். கரண்டு வேண்டாம், பிலிம் வேண்டாம். அரை நிமிஷ வேலை. எனக்கு அந்த அரை நிமிஷம் கிடைக்க 11 நாள் ஆயிற்று.

கிடைத்த விதத்தையும் சொல்ல வேண்டும். வீக்கம் வடியவில்லை என்று என் மைத்துனர் என்னைச் செங்கோட்டைப் பக்கத்தில் எலும்புக்குக் கட்டுப் போடுகிற ஒரு கிழவரிடம் இழுத்துக் கொண்டு போனார். நான் மனசுக்குள் நொந்து கொண்டேதான் போனேன். கிழவர் படத்தைக் கேட்கவில்லை. காலை மடியில் வைத்துக் கொண்டு, கட்டை விரலால் கெண்டையிலிருந்து குதி வரைக்கும் ஒரு தடவை வழித்துப் பார்த்தார். நடுவில் விரல் நின்றது.

"தம்பி, இங்கன ஒரு குழி விழுதுல்லா? குதிநரம்பு அத்துட்டு. இதுக்கு எங்கிட்ட எண்ணெய் கிடையாது. தையல் போடுத டாக்டரைப் பாருங்க" என்றார். தட்சிணைகூட வாங்கிக் கொள்ளவில்லை.

இதைக் கேட்டு, நாட்டு வைத்தியம்தான் உயர்ந்தது என்று யாராவது எனக்காகக் கொடி பிடிக்க வேண்டாம். அறுந்த நாணை மாசக் கணக்கில் எண்ணெய் போட்டு உருவி, இரண்டு நுனிகளும் விலகிச் சுருங்கிப் போன பிறகு ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறவர்களும் அந்தத் தொழிலில் இருக்கிறார்கள். நான் சொல்ல வருவது வேறு. கிழவருக்குத் தம் எண்ணெயின் எல்லை தெரிந்திருந்தது. படம் பிடித்தவர்களுக்குத் தங்கள் படத்தின் எல்லை தெரியவில்லை. "படத்தில் எலும்பு முறிவு இல்லை" என்பது ஒரு வாக்கியம். "உமக்கு ஒன்றுமில்லை" என்பது இன்னொரு வாக்கியம். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தில் எத்தனையோ பேர் நொண்டிக் கொண்டிருக்கிறார்கள்.

நாணைப் பற்றிய அலட்சியம் மருந்துக் கடை வரைக்கும் நீளுகிறது. சிப்ரோப்ளாக்ஸாசின், லெவோப்ளாக்ஸாசின் என்று ஒரு வர்க்கத்து மருந்துகள் உண்டு. நல்ல மருந்துகள்தாம், உயிர் காக்கும் சமயமும் உண்டு. ஆனால் இவை நாணை வீங்க வைக்கவும் அறுக்கவும் கூடும், 60 வயது தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கும் அந்த ஆபத்து அதிகம் என்று, 2008-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கச் சொல்லி உத்தரவிட்டது. நம் ஊர்க் கடையில் வயிற்றுக் கடுப்புக்குச் சீட்டில்லாமலே இதை வாங்கி விழுங்கிவிட்டுப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். குதிகால் வலிக்கிறதா என்று அவர்களை யார் கேட்கப் போகிறார்கள்?

எனக்குத் தைத்தார்கள். தைப்பதா தைக்காமல் விடுவதா என்பதே டாக்டர்களுக்குள் பழைய சண்டை. 2022-இல் நார்வே நாட்டார் 526 பேரை வைத்து ஒரு கணக்குச் சொன்னார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், தைத்தவர்களுக்கும் தைக்காமல் பக்குவம் பார்த்தவர்களுக்கும் காலின் நிலைமையில் சொல்லிக் கொள்ளும்படியான வித்தியாசமில்லை. தைக்காதவர்களில் நூற்றுக்கு 6 பேருக்கு மறுபடியும் அறுந்தது. தைத்தவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. ஆனால் தைத்தவர்களுக்கு நரம்புச் சேதம் அதிகம். (இந்த இடத்தில் நரம்பு என்பது அசல் நரம்பு.) ஆக, எந்த வழியில் போனாலும் ஒன்று கொடுத்துத்தான் ஒன்று வாங்க வேண்டியிருக்கிறது. எந்த வழியில் போனாலும் கொடுக்க வேண்டியது மாதங்கள்.

அந்த மாதங்களில் நாணுக்குள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்து கொண்ட பிறகுதான் எனக்குப் பொறுமை வந்தது. முதலில் அறுந்த இடத்தில் உருவாகிறது மட்டமான சரக்கு. இழைகள் கண்டபடி கிடக்கும். பிறகு, கால் கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்யச் செய்ய, இழுப்பு எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையில் இழைகள் ஒழுங்காகப் படிகின்றன. பலமான சரக்கு வந்து மட்டச் சரக்கை மாற்றுகிறது. இந்த வேலை ஒரு வருஷத்துக்கு மேலும் நடக்கும். ஆகவே, ஓட்டு ஓட்டு என்கிறவன் எவ்வளவு தவறோ, அசையாமல் கட்டிலில் கிட என்கிறவனும் அவ்வளவு தவறு. எனக்குப் பாதத்தைக் கீழ்நோக்கி வைத்து, நாட்டியக்காரியின் அபிநயம் மாதிரி மாவுக் கட்டுப் போட்டார்கள். அப்புறம் முழங்கால் வரைக்கும் ஏறுகிற பிளாஸ்டிக் பூட்ஸ். அதற்குள் குதிக்கு அடியில் அடுக்கடுக்காக ஆப்பு. சில நாளுக்கு ஒன்றாக ஆப்பை உருவி எடுத்து, பாதத்தைத் தரைக்குக் கொண்டு வந்தார்கள். நாண் அறாமல் நாள்பட்ட வலியோடு இருக்கிறவர்களுக்கு ஸ்வீடன் தேசத்து ஆல்ஃப்ரெட்ஸன் என்ற டாக்டர் 1998-இல் சொன்ன வைத்தியம் இன்னும் விசித்திரம்: படி விளிம்பில் நின்று குதியை மெல்ல இறக்க வேண்டும், நாளைக்கு 180 தடவை, 12 வாரம். அவர் எடுத்துக் கொண்ட 15 ஓட்டக்காரர்களும் திரும்ப ஓடினார்கள். பாரமே மருந்தாகிறது, ஆனால் அளந்து கொடுத்த பாரம்.

இந்த அளவுதான் எங்கள் மோட்டார் சைக்கிள் ஜாதிக்குப் பிடிக்காத வார்த்தை. எங்களுக்குள்ளே ஒரு வீர புராணம் இருக்கிறது. கட்டுப் போட்ட காலோடு மலை ஏறினவன், தைத்த மூன்றாம் வாரம் கன்னியாகுமரி போய் வந்தவன் என்று அதிலே நாயகர்கள் அநேகம். நான் படுத்திருந்தபோது வந்த இளவட்டங்கள் இந்தக் கதைகளைச் சொல்லித்தான் என்னை உற்சாகப்படுத்தினார்கள். ஒருவன், "அண்ணாச்சி, இடது கால் கியருக்குத்தான? அது சும்மா தட்டுத வேலைதான?" என்று கேட்டான்.

சும்மா தட்டுகிற வேலை! ஓடுகிற வண்டியில் இடது கால் என்ன செய்கிறது என்று எண்ணிப் பார்க்கிறவன் இப்படிப் பேச மாட்டான். கியரை விரலால் தூக்க வேண்டும். விரலாலோ குதியாலோ அமுக்க வேண்டும். அது சுலபமான பாதி. வண்டி நிற்கிறபோதுதான் இடது காலுக்குப் பரீட்சை. வலது கால் பிரேக்கில் இருக்க, 190 கிலோவும் சவாரி செய்கிறவனும் பின்னால் உட்கார்ந்திருப்பவரும் அவருடைய மளிகைப் பையும் சேர்ந்து இடது பாதத்தில் சாய்கின்றன. ரஸ்தா சமமாக இருந்தால் சரி. மணல் இருந்தால்? புளியரை எஸ் வளைவில் லாரி ஒன்று மறித்து, ஈரச் சரிவில் நிறுத்த நேர்ந்தால்? ஓர் ஆட்டுக் குட்டி குறுக்கே பாய்ந்து, யோசிப்பதற்குள் கால் தானாகத் தரையைத் தேடினால்? அப்போது நாண் இழுக்கிற இழுப்பைத் தையல் தாங்குமா என்பதுதான் கேள்வி. தாங்காவிட்டால் விழுகிறவன் வீரன் ஒருவன் மட்டுமல்ல; பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்திருக்கிற அவன் மனைவியும் விழுவாள். வீர புராணத்தில் அந்த அம்மாளுக்கு அத்தியாயம் கிடையாது.

(பழைய புல்லட்டுகளில் கியர் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு. 1955-இல் சென்னையில் கம்பெனி ஏற்பட்ட நாள் முதல் வெகுகாலம் அப்படித்தான் செய்து வந்தார்கள். அந்த வண்டி வைத்திருக்கும் என் நண்பர், "என் வண்டியாயிருந்தால் கியர் மாற்றத் தொந்தரவு இருந்திருக்காது" என்றார். பிரேக் போடுவதை யார் செய்வார்கள் என்று நான் கேட்டதற்கு அவர் காபியைக் குடித்தார்.)

வீரர்களாவது அன்பினால் பேசினார்கள். எதிர்க் கட்சி ஒன்று இருக்கிறது; அதன் பேச்சில் அன்போடு ஒரு திருப்தியும் கலந்திருந்தது. "வயசாச்சு. இனிமே வண்டி எதுக்கு? வித்துப்போட்டு ஆட்டோவில் போயிட்டு வாருங்க." எலும்பு முறியவில்லை, ஒன்றுமில்லை என்று முந்தின நாள் சொன்ன அதே வாய்தான் இதைச் சொல்லிற்று. இந்த நியாயம் எனக்குப் புரியவே இல்லை. காயம் அற்பமானது என்றால், வண்டியை ஏன் விற்க வேண்டும்? வண்டியை விற்கிற அளவுக்குக் காயம் பெரியது என்றால், அதற்கு உரிய மாதங்களை ஏன் தர மறுக்கிறாய்? என் காலுக்காக ஒரு நாள் பொறுக்காதவர்கள், என் சவாரியை ஆயுள் முழுக்க நிறுத்தத் தயாராக இருந்தார்கள்.

நான் இழந்ததை அவர்களுக்குச் சொல்லிப் பிரயோசனமில்லை, இங்கே சொல்லுகிறேன். ஜூன் மாதம் ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று இறங்கிக் குற்றாலத்தில் சாரல் விழுகிறபோது, காலை 5 மணிக்குக் கிளம்பிச் செங்கோட்டை தாண்டி மலை அடிவாரம் வரைக்கும் போய்த் திரும்புவது என் வழக்கம். என் நாவல்களில் பாதி அந்த ரஸ்தாவில்தான் முடிச்சு அவிழ்ந்திருக்கின்றன. எழுத்தாளனுக்குத் திண்ணை போதும் என்கிறவர்கள் அவரவர் திண்ணையில் எழுதிக் கொள்ளட்டும். எனக்கு அந்த ஈரக் காற்று முகத்தில் அடிக்க வேண்டும். என்ஜினின் சத்தத்துக்குக் கீழே வாக்கியம் ஓட வேண்டும். ஒரு சாரல் காலம் முழுவதும் நான் ஜன்னல் வழியாக மேகத்தைப் பார்த்துக் கொண்டிருந்தேன். எழுதிக் கொண்டிருந்த நாவல் 140-ஆம் பக்கத்தில் நின்றது. ஆட்டோவில் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். ஆட்டோக்காரர் நல்லவர், வழி நெடுகப் பேசிக் கொண்டே வந்தார்.

மறுபடி ஏறுவதற்குத் தேதி குறிக்க நான் சம்மதிக்கவில்லை. பயிற்சி கொடுத்த பெண்மணியிடம் கேட்டு, தேதிக்குப் பதிலாகச் சில காரியங்களைக் குறித்துக் கொண்டேன். இடது காலால் மட்டும் நின்று குதியைத் தூக்க வேண்டும். ஒரு தடவை தூக்குவது கணக்கில்லை, அடுத்தடுத்துத் தூக்க வேண்டும். என்ஜினை அணைத்த வண்டியில் உட்கார்ந்து, அதே வாசல் சரிவில், இடது காலால் அதைத் தாங்கி நிறுத்த வேண்டும். படியிலிருந்து தாவி இறங்கினால் கால் தயங்கக் கூடாது. மூன்றாவதற்குத்தான் அதிக நாள் பிடித்தது. நவம்பரில் ஏறினேன். அதற்குள் சாரல் போய், வடகிழக்கு மழை வந்துவிட்டது.

இதுவரை சொன்னது உட்கார்ந்து சாப்பிட முடிந்தவனுடைய கதை. எனக்கு ஒருவன் கூலி பிடிக்கவில்லை. பயிற்சிக்கு வந்தவர்களில் ஒரு பையன் இருந்தான், 23 வயசு. ஓட்டல்களிலிருந்து வீடுகளுக்குச் சாப்பாடு கொண்டு கொடுக்கிற வேலை. ராத்திரி ஒரு வீட்டு வாசலில் சாக்கடையைத் தாண்டிக் குதித்தபோது, என்னுடையதைப் போலவே, இடது குதிநாண் அறுந்தது. அவனையும் முதலில் "எலும்பு முறியவில்லை" என்றுதான் அனுப்பியிருக்கிறார்கள்.

மாதச் சம்பளத் தொழிலாளிகளுக்கென்று 1948-இல் ஈ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. அதன் நோய்க்கால உதவி வளர்ந்து வளர்ந்து, வருஷத்துக்கு 91 நாள், கூலியில் 70 சதவீதம் என்கிற அளவுக்கு வந்தது. நல்ல ஏற்பாடு. 91 நாளில் ஆறாத நோய்களுக்கென்று 34 பெயர்கள் கொண்ட ஒரு பட்டியலும் போட்டார்கள். அதில் இருக்கிறவர்களுக்கு இன்னும் நீண்ட நாள் உதவி. நான் அந்தப் பட்டியலை வாங்கிப் படித்தேன். கூடாத எலும்பு முறிவுக்கும், தாமதித்துக் கூடுகிற எலும்பு முறிவுக்கும் அதிலே இடமிருக்கிறது. அறுந்த நாணுக்கு இடமில்லை. திண்ணையில் ஆரஞ்சுப் பழத்தோடு கேட்ட அதே கேள்வியைத்தான் பட்டியல் எழுதினவர்களும் கேட்டிருக்கிறார்கள் என்று தெரிந்து கொண்டேன். மூட்டை தூக்குகிறவனும், ஏணி ஏறுகிறவனும், நாள் முழுக்க நின்று நெய்கிறவனும் 91 நாளில் குதிநாண் கூடி வேலைக்குப் போய்விட வேண்டும் என்று எந்த வைத்திய சாஸ்திரத்தைப் பார்த்து முடிவு செய்தார்கள்? 35-ஆவதாக ஒரு வரி சேர்க்கச் சொல்லித் தொழிற்சங்கங்கள் கேட்கலாமே; நாணும் தசையும் இல்லாத தொழிலாளி அவர்களிடம் யாராவது இருக்கிறாரா?

பையனுக்கு இந்தப் பட்டியல்கூடக் கிடையாது. கம்பெனி அவனைத் தொழிலாளி என்று சொல்லுவதில்லை; 'பார்ட்னர்' என்கிறது. பார்ட்னருக்குக் கால் போனால் கம்பெனிக்குப் பாதி வலிக்க வேண்டும் என்பதுதான் கூட்டு வியாபாரத்தின் நியாயம். அப்படி எதுவும் நடக்கவில்லை. வண்டிக்கு வாங்கின கடனின் தவணை மட்டும் மாதம் தவறாமல் 5-ஆம் தேதி வந்து கொண்டிருந்தது.

ஆறாவது வாரம் பிளாஸ்டிக் பூட்ஸோடேயே அவன் வண்டி ஓட்ட ஆரம்பித்தான். வீர புராணத்துக்காக அல்ல. பயிற்சி கொடுக்கிற அம்மாள் திட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து சாரல் போயிற்றே என்று வருத்தப்பட்டவன், தவணை கட்டுகிறவனுக்குப் பொறுமை உபதேசம் செய்ய முடியாது.

ஒரு நாள் வாசலில் அவன் வண்டியைப் பார்த்தேன். பூட்ஸ் போட்ட பாதம் லீவருக்கு அடியில் நுழையாது. கெண்டையை இழுத்து விரலால் அமுக்கவும் கூடாது. மெக்கானிக் ஒருவன் கியர் லீவரைக் கழற்றி, உயரத்தை மாற்றி, குதியால் மிதிக்கிற பின்பக்கத்தில் அகலமாக ஓர் இரும்புத் தகடு வைத்துப் பற்றவைத்துக் கொடுத்திருந்தான். காலின் கனத்தாலேயே கியர் விழும். நாணுக்கு வேலை குறைவு. நல்ல வேலைப்பாடு. எவ்வளவு வாங்கினான் என்று கேட்டேன். 200 ரூபாய் சொல்லிவிட்டு, காலைப் பார்த்த பிறகு 150 போதும் என்றானாம்.